கடை கட்டும் நேரம்

இரண்டு வருஷத்துக்கு முன், ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்காகத் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் பவானி ஜமக்காளம் கேட்டார். மகள் கல்யாணம். மண்டபத்தில் நாற்காலி போடத்தான் போகிறார்கள். ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்து உட்காரும்போது, தன் அம்மா காலத்தில் விரித்த மாதிரி சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும் ஜமக்காளம் விரித்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டு உருப்படி. அளவும் நிறமும் பேசி முடித்து முன்பணமும் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை கிடைத்தால் போதும் என்று முதலில் சொன்னவர், சீர் கொண்டுவரும் நாளிலேயே வீட்டில் விரிக்கலாம் என்று முடிவானதால், "புதன்கிழமைக்குள்ள கெடச்சிருமா சிஸ்டர்?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார். திங்கட்கிழமை மத்தியானம் அந்த வரியைத் திறந்து படித்தேன். அவர் பக்கம் இரண்டு நீல டிக் விழுந்தது. நான் பதில் போடவில்லை.

நீல டிக்கை அவர் 'சரி' என்று எடுத்துக்கொண்டார். அதில் தவறே இல்லை. கடை வாசலில் நின்று ஒருவர் சொல்ல, கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டால் காதில் வாங்கிக்கொண்டார் என்றுதான் அர்த்தம். ஜமக்காளம் இரண்டும் அன்றைக்கே என் வீட்டு அலமாரியில் தயாராக இருந்தன. தறியிலிருந்து வந்து, ஓரம் முடிந்து, மடித்து, சாக்குத் துணி சுற்றிக்கூட வைத்திருந்தேன். அன்று சாயங்காலக் கூரியரில் போட்டிருந்தால் மறுநாளே போயிருக்கும். வெள்ளிக்கிழமைக்குத்தானே, புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கில் நான் இருந்தேன். புதன் இரவு அவர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "பரவால்லீங்க, பக்கத்து வூட்ல வாங்கி விரிச்சுட்டோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். தூங்கவில்லை. சீரியல் பார்க்கவில்லை. கைத்தறிப் பொருள்களை இன்ஸ்டாகிராமில் விற்பது எப்படி என்று ஒருவர் பேசிய முக்கால் மணி நேரக் காணொளியைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் அந்த அம்மாவின் செய்தி மேலே மின்னியது. திறந்தேன், படித்தேன், காணொளிக்குத் திரும்பினேன். புது வாடிக்கையாளரைச் சேர்க்கும் வழியைக் கற்றுக்கொண்டிருந்த அதே நேரத்தில், பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த வாடிக்கையாளரின் சொல் என் கண்ணெதிரே நழுவிப்போயிற்று.

தகவல் வெள்ளம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். என்னைப்போல் கைப்பேசியே கடையாக வைத்திருப்பவர்களுக்கு அந்த வெள்ளம் வருகிற வழியே வேறு. சினிமா பார்ப்பவருக்குத் தான் வேலை செய்யவில்லை என்பது தெரியும். ஒரு கட்டத்தில் அவராகவே எழுந்துவிடுவார். விற்பனையைப் பெருக்கும் வழி, விளம்பரம் போடும் நுட்பம், அல்காரிதம் போன வாரம் எப்படி மாறியது, இந்த வாரம் எப்படி மாறும் என்று பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத் தான் உழைத்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். குறிப்பேடு நிரம்புகிறது, முதுகு வலிக்கிறது, கண் எரிகிறது. உழைப்பின் அலுப்பு அத்தனையும் உடம்பில் இருக்கும். ஒரு பார்சல்கூட வீட்டைவிட்டுப் போயிருக்காது. கவனம் சிதறுகிறது என்ற எண்ணமே எழாதபடி, வேலையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் சிதறல் இது. இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

அந்தக் காலத்தில் நான் சேர்த்து வைத்திருந்தவற்றைப் பின்னால் ஒருநாள் எண்ணினேன். 'பிறகு பார்க்க' என்று எடுத்து வைத்த காணொளிகள் முந்நூற்றுக்கு மேல். பணம் கட்டிய இணைய வகுப்புகள் இரண்டு. தொழில்முனைவோர் என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுக்கள் ஒன்பது. ஒருவர் தினம் மூன்று பதிவு போடச் சொன்னார்; இன்னொருவர் வாரம் ஒன்று போதும், ஆனால் நேர்த்தியாக என்றார். விலையைப் படத்திலேயே எழுது என்றார் ஒருவர். எழுதாதே, உள்ளே வந்து கேட்கட்டும் என்றார் மற்றவர். எல்லோருமே நன்றாகப் பேசினார்கள். நான் எல்லோர் பேச்சையும் கேட்டேன். அந்த ஒரே வருஷத்தில் படம் எடுக்கும் விதத்தையும் விலை சொல்லும் விதத்தையும் மூன்று முறை மாற்றினேன். வழக்கமாக வாங்கும் ஓர் அக்கா, "இது நீங்கதானா, வேற யாராச்சும் உங்க பேருல நடத்துறாங்களா?" என்று கேட்டுக் குரல் செய்தி அனுப்பினார்.

வாங்குகிறவர்கள் என்னிடம் உண்மையில் கேட்ட கேள்விகள் நாலைந்துதான். சாயம் போகுமா? துவைக்கும் இயந்திரத்தில் போடலாமா? எட்டுப் பேர் உட்கார எந்த அளவு வேண்டும்? இது பவானியில் நெய்ததா, வெளியூர் விசைத்தறிச் சரக்கா? இந்தக் கடைசிக் கேள்வி கேட்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட பொருள்களில் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்படியிருந்தும் சந்தையில் பவானிப் பெயரில் வேறு சரக்கு ஓடுகிறது. வித்தியாசத்தை ஒரு படத்தில் காட்டத் தெரிந்தால் அதுவே எனக்குப் பெரிய விளம்பரம். அதைக் காட்டத் தெரியாமல்தான் இருந்தேன். பதில் இருந்த இடம் எங்கள் ஈரோட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில், பவானியில் கூடுதுறைக்குப் பக்கத்துத் தெருக்களில். நானோ எங்கோ ஓர் ஊரில் சட்டை விற்றவர் சொன்ன சூத்திரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

கூரியர் கணக்கும் அப்படித்தான். பொட்டலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஓர் எடை வரும். தராசு காட்டும் எடையையும் இதையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது பல கூரியர்களின் வழக்கம். ஜமக்காளத்தைத் தளர்வாக மடித்தால் அந்த எடை ஏறிவிடும். இறுக்கி மடித்தால் குறையும். மடிப்பில் இருந்த லாபத்தை முதல் எட்டு மாதம் நான் கூரியருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதைப் பற்றி யாரும் சுவாரசியமாகப் பேசமாட்டார்கள். சுவை இல்லாத தகவல் அது. தொழிலுக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் சுவை இல்லாமல்தான் இருக்கிறது. ஒரு முறை கற்றுக்கொண்டால் முடிந்துபோகிறது; அடுத்த பாகம் என்று ஒன்று அதற்கு வருவதில்லை.

கவனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: நோட்டிபிகேஷனை அணைத்துவிடு. மாதச் சம்பளக்காரருக்கு இது நல்ல யோசனை. எனக்கு வரும்படி வருவதே அந்த ஒலியில்தான். ஆர்டர் வந்தாலும் அந்த ஒலி, பணம் விழுந்தாலும் அந்த ஒலி, குழுவில் யாரோ காலை வணக்கம் போட்டாலும் அதே ஒலி. பேருந்து நிலையத்து டீக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. இத்தனை ரூபாய் வந்தது என்று மட்டும் சொல்லும். அந்தப் பெட்டி உலகச் செய்தி சொல்வதில்லை, மச்சான் வீட்டு விசேஷப் படம் காட்டுவதில்லை. மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே காதில் வாங்கிக்கொள்கிறார், கை நிற்பதில்லை. கல்லாப்பெட்டியும் தெருவும் பள்ளிக்கூடமும் உறவுக்காரர் கூடமும் என் ஒரே கைப்பேசிக்குள் இருக்கின்றன. எல்லாம் ஒரே கதவைத் தட்டுகின்றன. யார் என்று திறந்து பார்க்காமல் தெரியாது.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், சார்லஸ் ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் விழுந்தால் புறா பசி தீரும்வரை கொத்தும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்துவிட்டால் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சமூக ஊடகங்களைக் குறை சொல்கிறவர்கள் இந்தப் புறாவை அடிக்கடி உதாரணம் காட்டுகிறார்கள். ஆன்லைனில் விற்பவர் நிலை இன்னும் கடினம். லைக் வந்தாலும் வராவிட்டாலும் வயிறு நிரம்பப்போவதில்லை; எனக்கோ விழுவது நிஜத் தானியம். ஒரு நாள் ஒன்றும் இருக்காது. மறுநாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஆறாயிரம் ரூபாய் ஆர்டர் வரும். அந்த ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டு அடுத்த நாற்பது ராத்திரியும் பதினொன்றே முக்கால்வரை விழித்திருந்தேன்.

அப்பா ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் பார்த்தவர். எங்கள் ஊர் ஜவுளிச் சந்தை வாரச் சந்தை; திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாயோடு முடியும். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். அந்த ஒரு ராத்திரியும் பகலும் அப்பா தூங்கி நான் பார்த்ததில்லை. நூல் விலை, எந்த ஊரில் என்ன நிறம் ஓடுகிறது, யார் கடன் சொல்கிறார், யார் ரொக்கம் தருகிறார் என்று எல்லாம் அந்த நேரத்துக்குள் வந்து குவியும். புதன்கிழமை காலை குளித்துவிட்டு உட்கார்ந்தால் அடுத்த சந்தைவரை புதுச் செய்தி என்று எதையும் அவர் தேடிப்போக மாட்டார். சரக்கு எடுப்பது, கொடுத்த வாக்குக்கு அனுப்புவது, வர வேண்டியதை வசூலிப்பது இவ்வளவுதான். அவருக்குத் தகவல் குறைவாக இருந்தது என்று நான் நினைக்கவில்லை. சந்தை நாளில் அவர் தலையில் ஏறியது என் கைப்பேசியில் ஏறுவதற்குக் குறைந்ததே அல்ல. அதற்கு ஒரு நாள் இருந்தது, மற்ற நாள்கள் வேலைக்கு இருந்தன.

தரகர்களையும் நினைத்துக்கொள்கிறேன். விடியுமுன் சந்தை முழுக்கச் சுற்றி, நூறு பேரிடம் பேசி, கடைக்கு வந்து அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்வார் ஒரு தரகர்: "இன்னிக்கு ரெண்டு ரூவா எறங்கும், பொறுங்க." பிற்பாடு ஹெர்பர்ட் சைமன் பற்றிப் படித்தபோது இவர்தான் என் மனதில் வந்து நின்றார். 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் சைமன். தகவல் பெருகப் பெருக அது உண்ணும் பொருளாகிய கவனம் அருகிப்போகும் என்பதை 1971-லேயே, வீடுகளில் கணினி வராத நாளில், ஒரு கட்டுரையில் எடுத்துச் சொன்னவர். அந்த வாதத்தைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். அதே கட்டுரையில் அவர் சொல்லும் இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகம் உதவியது. புதிதாக ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தால், அது உள்ளே வாங்கும் தகவலைவிட வெளியே விடும் தகவல் குறைவாக இருந்தால்தான் நம் பாரம் குறையும் என்பது அவர் கணக்கு. தரகர் நூறு வார்த்தை வாங்கி ஒரு வார்த்தை விட்டார். நான் சேர்ந்திருந்த ஒன்பது குழுக்களும் ஒரு வார்த்தை வாங்கி நூறு விட்டன.

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் பெரியப்பா என்னைச் சின்ன வயதில் கூட்டிப்போயிருக்கிறார். அத்தனை இரைச்சலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. மாடு, மணி, வண்டி, கூவல், புழுதி. அதற்கு நடுவில் இரண்டு பேர் நிற்பார்கள். கைகள் மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. மற்றவருக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. ஆனால் அவர்கள் நின்ற நிலையை இப்போது நினைத்துப் பார்க்கையில், விலை வெளியே போகாமல் காத்த அந்தத் துண்டு, சந்தை உள்ளே வராமலும் காத்தது என்றே எனக்குப் படுகிறது. ஒரு விரலின் அழுத்தத்தைத் தவிர வேறு எதுவும் அந்த நிமிஷத்தில் அவர்களுக்கு இல்லை. சந்தையை விட்டு ஓடிப்போய் யாரும் மாடு வாங்க முடியாது. சந்தைக்குள்ளேயே நின்றுகொண்டு ஒரு துண்டு அகலத்துக்கு இடம் செய்துகொண்டார்கள்.

அந்தக் கல்யாணம் முடிந்த வாரம் பவானிக்குப் போனேன். எனக்கு நெய்து தருகிறவர் அறுபதைத் தாண்டியவர். குழித்தறியில் உட்கார்ந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் பக்கத்திலும் கைப்பேசி இருந்தது. பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நெசவாளி என்றால் மௌனத்தில் மூழ்கி நெய்வார் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்; அப்படி ஒருவரையும் நான் கண்டதில்லை. தறிக்கூடம் எப்போதும் சத்தமாகத்தான் இருக்கும். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. முனைகளைத் தேடி எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி, முடிந்து, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி மிதித்தார்.

"எழ அந்துபோச்சுன்னா தறி நிக்கோணும் அம்மிணி. அப்பறம் பாத்துக்கலாம்னு ஓட்டுனா நாலு வெரக்கட தள்ளிப்போயித்தான் தெரியும். அப்ப பிரிக்கோணும்."

"பாட்டு ஓடிட்டே இருக்கே, தொந்தரவா இல்லீங்களா அய்யா?"

"பாட்டு என்னைய ஒண்ணுங் கேக்கறதில்லையே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. சத்தம் வேறு, பதில் கேட்கும் சத்தம் வேறு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கை வேலை செய்யும். பதில் கேட்கும் ஒவ்வொன்றும் நம்மைத் தறியிலிருந்து எழுப்பிவிடும். என் கைப்பேசியில் ஒரு பதிவைப் பார்ப்பது பார்ப்பதோடு முடிவதில்லை. இதைச் செய்து பார்க்கலாமா, நாம் பின்தங்கிவிட்டோமா, இவருக்கு எப்படி இத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொரு பதிவும் எனக்குள் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போகிறது. பத்து நிமிஷத்தில் இருபது கேள்வி. பதில் சொல்லாத கேள்விகளைச் சுமந்துகொண்டுதான் நான் அந்த அம்மாவின் கேள்வியைத் திறந்திருக்கிறேன். இருபத்தொன்றாவது கேள்வியாக அது போய்ச் சேர்ந்துவிட்டது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் வேலை செய்கிறவர்கள் திரையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று இருபது வருஷமாகக் கணித்துவருகிறார். 2004 வாக்கில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிஷம் தங்கிய பார்வை, சமீப ஆண்டுகளில் 47 நொடிக்கு வந்துவிட்டது என்கிறார். இந்த எண்ணைவிட அவர் கண்ட வேறொன்று என்னைத் தைத்தது: வேலைக்கு வரும் குறுக்கீடுகளில் ஏறக்குறையப் பாதி, வெளியிலிருந்து வருவதில்லை, நம்மை நாமே நிறுத்திக்கொள்கிறோம். அது உண்மை. ஒலியை அணைத்துவிட்டு ஒரு நாள் பார்சல் கட்ட உட்கார்ந்தேன். ஒலி வராத அந்த ஒரு மணி நேரத்தில் நானே பலமுறை கையை நீட்டிவிட்டேன். ஒலியை அணைத்தது பாதி வேலைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. மீதிப் பாதிக்கு என் கைக்கு வேறு எதையாவது கொடுக்க வேண்டியிருந்தது.

அப்பாவின் சிட்டைகளை எடுத்தேன். அவர் போன பிறகு பரணில் கிடந்தவை. நாள் முழுக்க நடந்ததெல்லாம் நடந்த வரிசையில் சிட்டையில் இருக்கும். அடித்தல் திருத்தல், பென்சில் கிறுக்கல், யாரோ சொன்ன முகவரி, ஒரு மூலையில் என் பள்ளிக்கூடக் கட்டணம். ராத்திரி கடை கட்டியபின் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்து வேண்டியதை மட்டும் பேரேட்டில் ஏற்றுவார். ஆளுக்கொரு பக்கம், பற்று ஒரு புறம், வரவு ஒரு புறம். சிட்டை எதையும் வாங்கிக்கொள்ளும். பேரேட்டுக்குள் எல்லாம் போய்விட முடியாது. வந்ததைக் குறிக்கும் நேரத்தையும், குறித்ததைப் பார்த்து முடிவெடுக்கும் நேரத்தையும் தனித்தனியாக வைத்திருந்த வியாபாரிகளின் பழக்கம் இது. நாமோ வந்த கணமே வாசித்து, வாசித்த கணமே தீர்ப்புச் சொல்லி, அந்தக் கணத்திலேயே மறந்துவிடுகிறோம்.

நானும் ஒரு நாற்பது ரூபாய் நோட்டு வாங்கினேன். செய்தி வந்ததும் வாடிக்கையாளர் பெயர், கேட்டது, தேதி என்று ஒரு வரி. எழுதாமல் எந்தச் செய்தியையும் மூடுவதில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போடும் வசதி இருக்கிறது, அதையும் வைத்துக்கொண்டேன். ஆனால் கையால் எழுதிய வரிதான் மண்டையில் நிற்கிறது. பார்சல் கிளம்பிய பிறகு அந்த வரியை அடிப்பேன். அடிக்காத வரி ஒன்று இருந்தாலும் அன்றைக்குப் புதுக் காணொளி எதையும் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது சிம்மில் பழைய பட்டன் போன் ஒன்று. பணம் கட்டிவிட்டு அவசரமாகக் கூப்பிட வேண்டியவர்களுக்கு அந்த எண். டீக்கடைப் பெட்டி மாதிரி அது ஒரே விஷயத்துக்குத்தான் அடிக்கும். கற்றுக்கொள்வதற்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம். எங்கள் ஊரில் சந்தை நாள் அதுதான்.

செவ்வாய்க்குச் செவ்வாய் தள்ளி வைத்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. 'உடனே பார்க்காவிட்டால் போச்சு' என்று எடுத்து வைத்தவற்றில் பெரும்பகுதி அடுத்த செவ்வாய்க்குள் தானாகவே செத்துப்போயிருக்கும். ஒரு வாரம் தாங்கியவை மட்டும் எனக்கு வேண்டியவையாக இருந்தன. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 விழுக்காடு அடுக்குகள் போய் 5-உம் 18-உம் பிரதானமாயின. அந்த மாதம் முழுக்க எல்லாக் குழுக்களிலும் அதே பேச்சு. கைத்தறிக்கு இப்படி, விரிப்புக்கு அப்படி என்று ஆளுக்கொன்று. நான் எங்கள் ஆடிட்டரைக் கூப்பிட்டேன். சரக்கின் எண்ணைக் கேட்டார், விகிதத்தைச் சொன்னார், பில்லில் எதை மாற்ற வேண்டும் என்று சொன்னார். ஐந்து நிமிஷம். அவர்தான் இந்த விஷயத்தில் என் தரகர். அந்தத் தகவல் எனக்குக் கட்டாயம் தேவை. அது வந்து சேர வேண்டிய வழி ஒரு மாத இரைச்சல் அல்ல.

இவ்வளவு சொன்னாலும் பயம் இருக்கத்தான் செய்கிறது. எல்லோரும் ஓடும்போது நான் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனோ என்ற பயம். ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரிகளை இரவெல்லாம் விழிக்க வைப்பது ஆசையைவிட இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தை தூங்கியபின் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் சேலைப் படம் ஏற்றும் பெண்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்கள் கவனத்தைத் தின்று வளர்கிறவை பெரிய நிறுவனங்கள். சிதறுகிறோமே என்ற குற்றவுணர்வு மட்டும் அந்தப் பெண்களுக்கு. இந்தப் பங்கீடு அநியாயம்.

பயம் மிஞ்சும்போது 2020 ஜூன் 29-ஐ நினைத்துக்கொள்வேன். அன்று ராத்திரி டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை அரசு தடை செய்தது. டிக்டாக்கின் ஒவ்வொரு நெளிவு சுளிவையும் படித்து, எந்த நேரத்தில் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கரைத்துக் குடித்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருந்தார்கள். விடிந்தபோது அந்தப் படிப்புக்கு வேலை இல்லை. சில நாளில் ரீல்ஸ் வந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்த ராத்திரியைத் தாண்டி நின்றது ஒன்றுதான்: வாங்கியவர்களின் கைப்பேசி எண்கள் யாரிடம் இருந்தனவோ, யார் பொருளைத் துவைத்த பிறகும் நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களோ, அவர்கள் வியாபாரம் தொடர்ந்தது. மேடையைப் பற்றிய அறிவு மேடையோடு போகும். ஜமக்காளத்தைப் பற்றியும் அதில் உட்காரும் ஆட்களைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை யாரும் ஒரே ராத்திரியில் தடை செய்ய முடியாது.

கடையை மூடுவதைக் கடை கட்டுவது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்பா கடைக்கு ஒன்பது பலகைகள். எண் போட்டிருக்கும்; வரிசை மாறினால் பொருந்தாது. எட்டரை மணிக்கு ஒவ்வொன்றாக நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். பாதிப் பலகை போட்ட பிறகு வாடிக்கையாளர் வந்தாலும் "காத்தால வாங்க, எடுத்து வெக்கறேன்" என்பார். சொன்னபடி எடுத்து வைத்திருப்பார். அவர்களும் வந்தார்கள். பூட்டிய பிறகு வந்தவரை இழந்ததாக அவர் வருந்தி நான் கேட்டதில்லை. திறந்திருக்கும் நேரத்தில் வந்தவருக்குச் சொன்ன சொல் தவறினால் மட்டும் அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்காது அவருக்கு.

அந்த அம்மாவுக்கு முன்பணத்தைத் திருப்பி அனுப்பினேன். ஜமக்காளம் இரண்டையும் அனுப்புகிறேன், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன், வேண்டாம் என்றார். அவை வேறொரு வீட்டுக்குப் போய்விட்டன. அவர் பிறகு என்னிடம் எதுவும் வாங்கவில்லை.

என் வாட்ஸ்அப் முகப்பில் இப்போது இருக்கும் வரிகள் இவை: காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும். இரவு எட்டரைக்குக் கட்டும். இடையில் வந்த செய்திகளுக்கு அன்றைக்கே பதில் உண்டு. இரவில் வந்தவற்றுக்குக் காலையில் முதல் வேலையாகப் பதில் வரும். ஞாயிறு விடுமுறை.